வாசல் விதி

இந்த நாற்காலியின் முதுகுச் சாய்வு கொஞ்சம் நேராக இருக்கிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை, தொழில் பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலிகளை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆள் நான். இதுபோன்ற நாற்காலியில் யாரும் அதிக நேரம் உட்கார மாட்டார்கள். நானும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நீங்கள் மூவரும் இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு. தலைவர் மண்ணியல் துறை, அம்மா சட்டத் துறை, குறிப்பெடுப்பவர் நூலகம். எங்கள் துறை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்காது. பூங்கா மற்றும் ஓய்வுநேர ஆய்வுத் துறை. கேன்டீனில் எங்களுக்கு 'சும்மா இருக்கிற டிபார்ட்மென்ட்' என்று பெயர். உண்மையில், சும்மா இருப்பதைப் பற்றி ஆராய்கிறவர்களுக்குச் சும்மா இருக்க நேரம் கிடைப்பதில்லை. எங்கள் துறைத் தலைவர் விடுமுறையின் பயன்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை முடிப்பதற்காகத் தொடர்ந்து பல கோடை விடுமுறைகளை ரத்து செய்தார். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் கடற்கரைக்குப் போய் அங்கிருந்து ஒரு புகைப்படம் அனுப்பினார்கள். அதையே அட்டைப்படமாகப் போட்டுக்கொண்டார்.

யார் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. ஆய்வில் பங்கேற்றவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது நீங்கள் போட்ட விதி. எல்லா விதிகளையும் மீறியவள் என்று நாளைக்கு என்னைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

என் பெயர் வெளியே தெரிந்ததற்குக் காரணம் வாசல் விதி. பாடப்புத்தகங்களில் இருக்கிறது. விஷயம் எளிமையானது. பூங்காவில் பழகுகிறவர்கள் பூங்காவுக்குள் மட்டுமே நண்பர்கள். வருடக்கணக்காக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முட்டிவலி முதல் மருமகள் வரை எல்லாம் பேசுவார்கள். வாசலைத் தாண்டியதும் அவர் இடப்பக்கம், இவர் வலப்பக்கம். வீட்டுக்கு அழைக்க மாட்டார்கள். கடைத்தெருவில் எதிரே பார்த்தால் எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசிப்பார்கள். பூங்கா நட்பு வாசலைத் தாண்டாது. இந்த ஒரு வரியை நிரூபிக்க என் இளமை முழுவதும் மரத்தடிகளில் போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவும் நேரமில்லை. ஓய்வுநேரத்தைப் பற்றிய ஆய்வு அல்லவா?

இந்த வருடம் நகராட்சியும் நம் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பூங்கா ஆய்வு மையம் தொடங்குகின்றன. அதற்கு நான்தான் இயக்குநர். வாசல் விதியை அடிப்படையாக வைத்துத்தான் மையமே. ஆகவே அந்த விதி எனக்கு எவ்வளவு முக்கியம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

என் அம்மா இறந்தபிறகு அப்பா என்னோடு வந்துவிட்டார். ரயில்வேயில் கால அட்டவணை தயாரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். எந்த வண்டி எங்கே எதற்காக நிற்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார். ஊர் உலகம் என்னைப் பேராசிரியர் என்கிறது. அப்பா மட்டும் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். நான் வீடு திரும்பும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். அவரைப் பூங்காவுக்குப் போகச் சொன்னதே நான்தான். முதியவர்களுக்குப் பூங்கா நல்லது என்று நான் எழுதியிருக்கிறேன். சொந்த அப்பாவுக்குச் செய்யாமல் ஊருக்கு எழுதினால் நன்றாக இருக்காது.

ஒருநாள் அவருக்கு வாசல் விதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வாசல்ல மெஷின் ஏதாவது வெச்சிருக்காங்களா பாப்பா, வெளிய போறப்ப நட்பைக் கழட்டி எடுத்துக்க?" என்றார். ஆராய்ச்சி என்றால் அவருக்கு எப்போதும் கொஞ்சம் கிண்டல்தான்.

ஏரிக்கரைப் பெஞ்சில் அவரோடு வந்து சேர்ந்தவர் ஒரு பெண்மணி. மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். எங்கள் களப்பணியில் பெயருக்குப் பதிலாக அடையாளச் சொல் வைப்போம். அவருக்குக் குடை என்று வைத்தேன். அவர் நகைச்சுவை கொஞ்சம் எலும்பு சம்பந்தப்பட்டது. வெளியிலிருந்து பார்க்கத்தான் நீங்கள் இப்படி இருக்கிறீர்கள், உள்ளே எல்லாரும் ஒரே மாதிரிதான் என்று முதல் நாளே அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்தும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பூங்காவில் சிரிப்பது விதிக்கு உட்பட்டதுதான். எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிறகு ஒருநாள், அவங்க வீட்டுக் குழாய் ஒழுகுதாம் பாப்பா, வாஷர் மாத்திட்டு வந்துடறேன் என்று கிளம்பினார். எங்கள் வீட்டுக் குழாய் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, குழாய் பழுது பார்ப்பது நட்பு ஆகாது, அது சேவை. அப்படியே வகைப்படுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் இருவரும் சினிமாவுக்குப் போனார்கள். தியேட்டரில் ஏசி இருக்கிறது, வெளியே வெயில், எனவே வெப்பத் தவிர்ப்பு. கண் மருத்துவரிடம் சேர்ந்து போனது உடல்நலம். ஆனால் காலையில் குளியலறையிலிருந்து அப்பாவின் பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது அதற்கு என்னிடம் வகை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என் ஆய்வு மாணவி வந்து நின்றாள். நல்ல பெண், கெட்டிக்காரி. அவள் பூங்காவில் கவனித்த முதியவர் என் அப்பா என்று அவளுக்குத் தெரியாது.

"மேடம், ஏரிக்கரைப் பெஞ்சுல ஒரு ஜோடி மேடம். தனித்தனியா வர்றாங்க, சேர்ந்து வெளிய போறாங்க."

"பஸ் ஸ்டாப் வரைக்கும் போவாங்க. அது எல்லாரும் போறதுதான்."

"ஒரே பஸ்ல ஏறிடறாங்க மேடம்." கொஞ்சம் தயங்கினாள். "இதை என் ஆய்வேட்ல ஒரு அத்தியாயமா வெச்சுக்கலாமா? உங்க விதி தப்புன்னு சொல்ல வரல. கொஞ்சம் வயசாயிடுச்சுன்னு."

அவளை நான் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு தலைப்புக்கு மாற்றிவிட்டேன். இப்போது பூங்காவுக்கு வரும் நாய்களைப் பற்றி எழுதுகிறாள். நாய்களோடு வேலை செய்வது சுலபம், அவை சினிமாவுக்குப் போவதில்லை.

அதற்குப் பிறகு செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும்.

முதலில் பெஞ்ச். நகரப் பூங்காத் துறைக்கு நான் ஆலோசகர். ஏரிக்கரையில் இருந்த பழைய நீள பெஞ்சை எடுத்துவிட்டுத் தனித்தனி இருக்கைகள் போடலாம், நடுவில் பூந்தொட்டிகள் வைக்கலாம் என்று பரிந்துரைத்தேன். தனி இருக்கைகள் நவீனமானவை, சுத்தம் செய்யவும் எளிது. உடனே செய்துவிட்டார்கள். அப்பா அன்று வீட்டுக்கு வந்து, எந்தப் புண்ணியவான் இந்த வேலையைப் பண்ணினான் என்று தெரியவில்லை, நடுவில் ஒரு தொட்டி, அதற்கு மேலே ஒரு செடி, செடியைத் தாண்டிக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது, பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் எங்கள் கதையைக் கேட்கிறார்கள் என்று புலம்பினார். நான் வருத்தம் தெரிவித்தேன். மறுநாளிலிருந்து இருவரும் பூங்காவில் உட்காருவதையே விட்டுவிட்டு, வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அதாவது என் நடவடிக்கையால் விதிமீறல் கூடிவிட்டது. ஆய்வில் இப்படியும் நடப்பதுண்டு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவரை வீட்டுக்கே அழைத்து வந்தார். குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து, என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவரே தேநீர் போட்டார். அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தேநீர் நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

"உங்க அப்பாவுக்கு உங்களைத் தவிர வேற பேச்சே கிடையாது" என்றார். "உங்க புஸ்தகத்தைக் கொண்டுவந்து பெஞ்சுல உக்காந்து வாசிச்சுக் காட்டினாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அவருக்கும் புரியலன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது."

அப்பா சிரித்தார். அந்த அம்மா தொடர்ந்தார். "வாசலைத் தாண்டாதுன்னு ஒரு இடத்துல போட்டிருந்தீங்க பாருங்க, அது மட்டும் புரிஞ்சுது. அதைப் படிச்சுட்டுத்தான், சரி, தாண்டித்தான் பாப்போமேன்னு தோணிச்சு. இல்லன்னா நாங்க பாட்டுக்கு உள்ளயே உக்காந்திருப்போம்."

இதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். அவர்கள் விதியை மீறியதற்குக் காரணமே விதிதான் என்றால், அது விதிக்கு எதிரான சான்று ஆகுமா, ஆகாதா? நல்ல கேள்வி. எந்த மாநாட்டிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா, என் எதிரே உட்கார்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை ஈரமாக இல்லை.

"பாப்பா, நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கலாம்னு பாக்கறோம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நீ சரின்னு சொன்னா. நீ வேணாம்னா வேணாம்."

யோசிச்சு சொல்றேம்பா என்றேன்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும், ஏன் சொல்லவில்லை என்று சட்டத் துறை அம்மா கேட்க நினைப்பது தெரிகிறது. சட்டம் படித்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், தன் சந்தோஷத்துக்குக் குறுக்கே நின்றது தன் மகள்தான் என்று அப்பா காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பார். அந்த வயதில் ஒருவர் மனதில் அப்படி ஒரு பாரத்தை ஏற்றக் கூடாது. பெற்ற பெண்ணாக நான் அதைக்கூட யோசிக்காமல் இருக்க முடியுமா?

அதனால் குடை அம்மாவை என் துறை அறைக்கு அழைத்தேன்.

உங்கள் வழிகாட்டிக் கையேட்டில் ஒரு பகுதி இருக்கிறது, ஐயாவே எழுதியது என்று நினைக்கிறேன். ஏதாவது ஒன்றை மறைத்து ஆய்வு செய்தால், முடிந்தபிறகு பங்கேற்றவரை உட்கார வைத்து, இதமான சொற்களில் உண்மையைச் சொல்ல வேண்டும். நன்றி சொல்ல வேண்டும். தன்னைப் பற்றிய விவரங்களை நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் தெரிவிக்க வேண்டும். நல்ல பகுதி. நான் அதிலிருந்து ஒரு வரிகூட விடவில்லை.

அவர் சந்தோஷமாக வந்தார். நான் சம்மதம் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு துணிப்பை நிறையப் பழம் வாங்கி வந்திருந்தார்.

"நீங்க பங்கெடுத்த ஆய்வு முடிஞ்சுதும்மா. உங்க ஒத்துழைப்புக்குத் துறை சார்பா நன்றி."

"எந்த ஆய்வு?"

தனியாக வாழும் முதியவர்கள் பூங்காவில் பழகிய ஒருவரை நம்பி எவ்வளவு தூரம் வெளியே வருவார்கள் என்பதுதான் ஆய்வு என்றேன். அதற்காக ஏரிக்கரைப் பெஞ்சில் எங்கள் துறையின் உதவியாளர் ஒருவரை உட்கார வைத்திருந்தோம், ஓய்வுபெற்ற ஆள், பேச்சுத் துணைக்கு ஏற்றவர் என்றேன். முன்கூட்டியே சொல்லியிருந்தால் முடிவு கெட்டுவிடும் என்பதால் சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். பல்கலைக்கழக முத்திரை போட்ட தாளில் இதையெல்லாம் அச்சடித்து வைத்திருந்தேன். முத்திரை இருந்தால் மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள்.

அவர் தாளைப் படிக்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வார்த்தைக்கு வார்த்தை உங்களைப் பாப்பா, பாப்பான்னு கூப்பிட்டாரே."

"பழக்கத்துல வந்தது. நல்லா செய்யணும்னு சொல்லியிருந்தோம்."

"அப்ப நீங்க அவரு பொண்ணு இல்லியா?"

இல்லை என்றேன். அந்த வீடும் துறையின் விருந்தினர் வீடு என்றேன். கேள்வி வரும்போது தயங்கக் கூடாது என்பது நேர்காணல் பயிற்சியில் முதல் பாடம்.

அவர் எழுந்து போய்விட்டார். பழப்பையை எடுக்கவில்லை. துறையில் எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் பூங்காவுக்கு வரவில்லை, டீக்கடைக்கும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அப்பா அவர் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து, உங்க வேலைதான் முடிஞ்சுதே, அப்புறம் எதுக்கு வர்றீங்க, போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு மூடிவிட்டாராம். அப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நான் ரிட்டையர் ஆகி எவ்வளவு காலமாச்சு பாப்பா. என்ன வேலை முடிஞ்சுதுன்னு சொல்றாங்க? குழாயைச் சொல்றாங்களா?"

வயசானவங்கப்பா, மனசு மாறியிருக்கும் என்றேன்.

"இல்ல, நான்தான் ஏதோ தப்பாப் பேசியிருக்கேன்" என்றார். என்ன பேசினோம் என்று இன்றுவரை ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொன்ன நகைச்சுவைகளை ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லி, இது யாருக்காவது மனம் நோகும்படி இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லைப்பா என்று சொல்கிறேன். ஒன்றிரண்டு உண்மையிலேயே நன்றாக இருந்தன. மறுவாரம் எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்துவிட்டார். பாட்டு நின்றுவிட்டது. மாலையில் இருவரும் சேர்ந்து நடக்கிறோம், அவர் என்னைவிடக் கொஞ்சம் பின்னால் வருகிறார்.

வெளியே வந்தது எப்படி என்று உங்களுக்கே தெரியும். விவரங்களை நீக்கச் சொல்லும் உரிமை உண்டு என்று நான் சொன்னேன் அல்லவா, அந்த அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். என் பேச்சையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். தேடிப் பார்த்தால் அப்படி ஓர் ஆய்வே இல்லை. போதாததற்கு, அந்த உதவியாளர் ரொம்ப வயதானவர், பாவம், வெயிலில் உட்கார்ந்திருந்தார், அவருக்குச் சேர வேண்டியதைச் சரியாகக் கொடுத்தீர்களா என்றும் விசாரித்திருக்கிறார். அடையாளத்தைக் கேட்டதும் ஐயாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. போன ஆண்டு விழாவில் என் அப்பாதானே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ரயில் கதைகள் சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த உரிமையைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். நான் சொன்னேன். நெறிமுறையில் நான் எவ்வளவு கவனமாக இருக்கிறேன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்று அப்பாவும் என்னோடு வந்திருக்கிறார். குழு கூப்பிட்டிருக்கிறது என்றதும் ஏதோ விருது என்று நினைத்துவிட்டார். நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பிறகு அந்த அம்மாவையும் விசாரிக்கப் போவதாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார் என்று சொன்னேன், உடனே போகவில்லை. கதவுவரை போய்த் திரும்பி நின்றார். அந்தக் கேள்வியை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டேன், அதில் இல்லை. நானே சொல்கிறேன்.

"அவரு மனைவி ஆஸ்பத்திரியில கடைசியா தண்ணி கேட்டாங்க, டாக்டர் கொடுக்கக் கூடாதுன்னுட்டாங்க, இவரும் கொடுக்கலன்னு சொல்லி ஒருநாள் பெஞ்சுல உக்காந்து அழுதாரு. வேற யார்கிட்டயும் சொன்னதில்லைன்னாரு. அதுவும் நீங்க எழுதிக் கொடுத்ததுதானா?"

எனக்கு அதுவரை அது தெரியாது. அம்மா தண்ணீர் கேட்டார் என்று அப்பா என்னிடம் சொன்னதே இல்லை.

ஆமாம், அதுவும் நாங்கள் எழுதிக் கொடுத்ததுதான் என்றேன்.

நான் சொன்னதில் நேரடியான பொய் என்று பார்த்தால் இப்படிச் சில சொற்கள்தான் இருக்கும். மற்றதெல்லாம் உங்கள் கையேட்டில் உள்ளபடி. நான் செய்தேன், நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தும் போடுகிறேன்.

வராந்தாவில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. அந்த அம்மா வந்துவிட்டார் போலிருக்கிறது. இப்போது பேசுவது அப்பா. என்னை மாதிரியே வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார். ஏதோ சொல்லப் போய், முடியாமல் திரும்ப ஆரம்பிக்கிறார். அந்த அம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஐயா, ஒரு சின்ன வேண்டுகோள். அவர்கள் இருவரையும் வேறு வேறு அறையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். விசாரணைக்கு முன்னால் சாட்சிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது முறையல்ல. எனக்காகக் கேட்கவில்லை, அப்பாவின் நன்மைக்காகத்தான் கேட்கிறேன்.